உங்கள் வாட்ச்சுக்குள் எந்த மெஷின்? கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் சவுண்ட் வரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? கேபினெட்டின் மேல் உள்ள கம்பெனிப் பெயரை வைத்து டிரைவர் தேடினால் கிடைக்காது. உள்ளே உள்ள மதர்போர்டின் மாடல் எண் வேண்டும். கைக்கடிகாரத்திலும் இதே கதைதான். டயலில் ஒரு பெயர் இருக்கும். உள்ளே ஓடும் மெஷினை வேறு கம்பெனி செய்திருக்கலாம்.

என் அப்பா பணி ஓய்வு பெற்றபோது நண்பர்கள் ஒரு சீகோ வாட்ச் கொடுத்தார்கள். ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃப் வகை. யானைக்கவுனியில் ஒரு கடையில் பேட்டரி மாற்றினோம். அதன் பிறகு முட்கள் தாறுமாறாக நின்றன. "சர்க்யூட் போயிடுச்சு, மெஷினையே மாத்தணும்" என்றார்கள். அப்பா எதுவும் பேசாமல் அதை பீரோவில் வைத்துவிட்டார். மெஷினின் எண்ணைத் தேட ஆரம்பித்தது அன்றுதான்.

1. பின் மூடியைப் படியுங்கள்

சீகோ வாட்ச்சின் பின் மூடியில் நான்கு எழுத்து, ஒரு சிறு கோடு, மீண்டும் நான்கு எழுத்து என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கும் மெஷினின் எண். அடுத்த நான்கும் கேஸின் எண். அப்பாவின் வாட்ச்சில் முதல் நான்கு 7டி92. எழுத்து பொடியாக இருந்தால் செல்போனில் படம் எடுத்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள்.

2. டயலைப் பாருங்கள்

பின் மூடியில் எண் இல்லையா? டயலில் உள்ள சின்ன வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். 3, 6, 9 மணி இடங்களில் வட்டங்கள் இருந்து, 3-ல் இருப்பது 24 மணி காட்டினால், அது சீகோ குழுமத்தின் விகே63 ஆக இருக்கலாம். 3, 9 இரண்டு மட்டும் என்றால் விகே64. 2, 6, 10 இடங்களில் வட்டங்களும் 4 அருகே தேதியும் இருந்தால் சுவிட்சர்லாந்தின் ரோண்டா 5030.டி ஆகலாம். ஆனால் ஈடிஏ 251.272 மெஷினிலும் இதே அமைப்புதான்! எனவே இதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. முள்ளின் நடையைப் பாருங்கள்

ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு ரீசெட் செய்யுங்கள். முள் நொடிக்கு ஐந்து அடி வைத்து வழுக்கிக்கொண்டு போய், ரீசெட் செய்ததும் சட்டென்று 12-க்குத் தாவினால் அது விகே வகை. மற்ற பல மெஷின்களில் மோட்டார்தான் முள்ளைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தும்.

4. கடைசியாக, உள்ளே

சந்தேகம் தீராவிட்டால் மூடியைத் திறந்து மெஷின் மேல் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள். ரப்பர் வளையம் நகர்ந்தாலோ தூசி புகுந்தாலோ தொல்லை. பேட்டரி மாற்றும்போது கடைக்காரரிடம் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்துவிட்டது. அப்புறம்?

இணையத்தில் அந்த எண்ணோடு 'டெக்னிகல் கைடு' என்று சேர்த்துத் தேடுங்கள். பேட்டரி எண், முட்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் முறை எல்லாம் அதில் இருக்கும். மெஷினுக்கு மெஷின் முறை மாறும்.

7டி92-இன் கைடில்தான் எங்கள் விடை இருந்தது. புதிய பேட்டரி போட்டதும் 'ஏசி' என்று குறித்த முனையையும் பேட்டரியின் மேல்பக்கத்தையும் உலோக இடுக்கியால் ஒருமுறை சேர்த்துத் தொட வேண்டும். மதர்போர்டில் சிமாஸ் கிளியர் செய்வதைப் போன்ற வேலை இது! அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து, அதே தெருவில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். இடுக்கியை வைத்து எடுத்தார். முட்கள் ஓடின. பிறகு சாவியை வெளியே இழுத்து, பொத்தான்களை அழுத்தி, முட்களை நேராக்கினார். சர்க்யூட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஓர் ஆச்சரியம்: குவார்ட்ஸ் வாட்ச்சில் துடிக்கும் படிகமும், உங்கள் மதர்போர்டில் நேரம் காக்கும் படிகமும் பொதுவாக ஒரே ரகம்தான். நொடிக்கு 32,768 துடிப்புகள். இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் இது. அதை 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி!

எனவே "மெஷின் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "எந்த மெஷின்?" என்று முதலில் கேளுங்கள். அப்பாவின் வாட்ச் இப்போது பீரோவில் இல்லை, கையில் இருக்கிறது.