கீரையும் கோழியும்: ஒரு பஞ்சாபிக் கறியின் கதை

இந்த முறை மருந்தைப் பற்றி அல்ல, ஒரு கறியைப் பற்றி எழுதப்போகிறேன். "டிரெசருக்கு என்ன ஆச்சு, சமையல் சொல்லிக் குடுக்கிறாரு?" என்று சிரிக்காதீர்கள். காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன், செம்பனைக் காட்டில் உரம் போடும் ஒரு தங்கச்சி, நாலு மாதக் கர்ப்பிணி, காலைப் பெரட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். (கர்ப்பிணியை உர வேலைக்கு அனுப்பியது தனிக் கதை, அதை மேலே பேசி மாற்றியாயிற்று.) கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை என்று கணக்கு.

"நான்தான் தினமும் கீரை சாப்பிடுறேனே ஐயா, அப்புறம் எப்படி?" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று துருவிக் கேட்டேன். கீரையைப் பொடியாக நறுக்கிய பிறகு அலசுகிறாள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டுகிறாள். சாப்பிட்ட கையோடு ஒரு மங்கு தேத்தண்ணி. கோழி எடுக்கும் நாளில் துண்டெல்லாம் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும், இவளுக்குக் குழம்புதான். எத்தனை வீட்டில் இதே கதை!

அப்போதுதான் எனக்கு ஒரு பஞ்சாபி அம்மாவின் அடுப்படி நினைவுக்கு வந்தது. வேலை பழகிய காலத்தில் பேராக்கில் ஒரு சிறு பட்டணத்தில் அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். நம்மவர்கள் அவர்களை 'வங்காளி' என்போம். அவர்கள் வங்காளத்தார் அல்லர். கல்கத்தாவில் கப்பலேறி வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1873-ல் கேப்டன் ஸ்பீடி என்ற வெள்ளைக்காரர் பஞ்சாபிலிருந்து ஆட்களைத் திரட்டி லாருட்டுக்குக் கொண்டுவந்தது முதல் பேராக்கில் அவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் 'பேபே' என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. கல்யாணமாகி இங்கே வந்தவர். பிறந்தது ஜாலந்தர் பக்கத்துக் கிராமம்.

பஞ்சாபில் மார்கழி, தை மாதங்களில் பல்லைக் கிட்டும் குளிர். கடுகை ஐப்பசி வாக்கில் விதைப்பார்கள். அது மஞ்சளாகப் பூத்து முற்றுவதற்கு முன்னே, இளங்குருத்தாகக் கிள்ளுவதுதான் கீரை. அவர்கள் மொழியில் 'சர்சோன்'. அது கொஞ்சம் கசக்கும், காரமாகவும் இருக்கும். அந்தக் கசப்பை அடக்கப் பாலக்கீரையும், கோதுமை வயலில் தானே முளைக்கும் 'பத்துவா' கீரையும் சேர்ப்பார்கள். பத்துவாவை நம் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்பார்கள். ஒரு பிடி வெந்தயக்கீரையும் போவதுண்டு. இந்த மசியலுக்குப் பெயர் 'சாக்'. அதில் கோழி சேர்ந்தால் அதுதான் நான் சொல்லவந்த கறி.

பேபே செய்வதைப் பார்த்துக் கற்றது இது. ஒரு கிலோ எலும்போடு கோழிக்கு, கடுகுக்கீரை அரைக் கிலோ, பாலக்கீரை கால் கிலோ. கீரையை முழுசாக இருக்கும்போதே மூன்று தண்ணீரில் அலசி, அப்புறம்தான் நறுக்க வேண்டும். இஞ்சி, பச்சைமிளகாய், உப்பு போட்டு, அரை மங்குத் தண்ணீர் மட்டும் தெளித்து மூடி வேகவைத்தால் கீரையே தண்ணீர் விடும். ஒரு சொட்டும் கொட்டக்கூடாது. வெந்ததும் மத்தால் கடைந்து, மக்காச்சோள மாவு ஒரு கரண்டி தூவிக் கிண்டினால் நீர் பிரியாமல் சேர்ந்துகொள்ளும். (சோளத்தை அரைத்த மஞ்சள் மாவைச் சொல்கிறேன். சூப் கெட்டியாக்கும் வெள்ளை மாவு அல்ல.)

இன்னொரு சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் சீரகம், மூன்று பெரிய வெங்காயம். இங்கேதான் பொறுமை வேண்டும். வெங்காயம் பழுப்பு நிறம் வரும்வரை பேபே பக்கத்தைவிட்டு நகரமாட்டார். பிறகு இஞ்சி பூண்டு, இரண்டு தக்காளி, மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வந்தபின் கோழியைப் போட்டு, தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிடம் புரட்டி, கீரை மசியலைக் கொட்டிச் சிறு தீயில் இருபது நிமிடம். எலும்போரம் இறைச்சியில் சிவப்பு தெரியக்கூடாது. கடைசியில் கரம் மசாலா. தேங்காய்ப்பால் கிடையாது, கறிவேப்பிலை கிடையாது. அவர்கள் மக்காச்சோள ரொட்டியோடு வெண்ணெய் வைத்துச் சாப்பிடுவார்கள். இனிப்புநீர், கொழுப்புக்காரர்கள் வெண்ணெயைத் தொடவேண்டாம். பக்கத்தில் பச்சை வெங்காயம், முள்ளங்கி, எலுமிச்சை.

இனி டிரெசர் பேசுகிறேன். கீரையிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. பாலக்கீரையில் அதைத் தடுக்கும் உப்பும் உண்டு. ஆனால் கூடவே கோழி இறைச்சி போனால், கீரையின் இரும்பும் கூடுதலாக இரத்தத்தில் சேரும். எலுமிச்சையின் வைட்டமின் சி இன்னும் கைகொடுக்கும். நெடுநேரம் வெந்த கீரையில் அந்தச் சத்து அழிந்துவிடும் என்பதால், சாறு பிழிவது தட்டில்தான், அடுப்பில் அல்ல. தேத்தண்ணியின் துவர்ப்பு இதையெல்லாம் கெடுத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும்.

நமக்குக் கடுகுக்கீரை கேமரன் மலையிலிருந்து வருகிறது. சந்தையில் கசப்புச் சாவி என்று கேளுங்கள். பத்துவா கிடைக்காது, முளைக்கீரை போடுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: காட்டோரத்திலும் கால்வாய்க் கரையிலும் முளைத்த கீரையைப் பறிக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரியில் தடை செய்யப்பட்டது உண்மைதான், ஆனால் வேறு களைக்கொல்லிகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். இலைக்குள் இறங்கிய மருந்து அலசினால் போகாது. மருந்து அடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டுமா?

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, டாக்டரைக் கேளுங்கள். வெளுத்திருப்பவர் எல்லாருக்கும் இரும்புக் குறைவு என்றும் எண்ணாதீர்கள். தலசீமியா பரம்பரையாக வருவது. நம் நாட்டில் குறைவில்லை. இரத்தச் சோதனை செய்தால்தான் தெரியும்.

அந்தத் தங்கச்சியை அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பினேன். தலசீமியா இல்லை. இரும்பு மாத்திரை எழுதினார்கள். கறியை மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடாதே, இரண்டையும் சாப்பிடு என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். ஆறு வாரம் கழித்து 10.1.

போன வாரம் அவள் புருஷன் வந்தார். "ஐயா, அந்தக் கறியிலே கொஞ்சம் தேங்காப்பால் ஊத்தலாமா? எங்களுக்கு அது இல்லாம எறங்க மாட்டேங்குது."

"ஊத்தினா அது உங்க கறி, பேபே கறி இல்லே. அது கெடக்கட்டும், கோழிக்கால் யாருக்கு வைக்கிறீங்க?"

தலையைச் சொறிந்தார். "ஒன்னு அவளுக்குத்தான் ஐயா. இன்னொன்னுக்குப் பசங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறானுங்க."