துணைவருக்குப் பாலியல் தொற்று: நம்மைக் காத்துக்கொள்வது எவ்வாறு?

நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நாம் கூச்சமின்றிப் பேசுகின்றோம். கலியாண வீட்டிற்கூட அவை பேசுபொருளாகின்றன. ஆனால் பாலியல் உறவினால் தொற்றும் ஒரு நோய் கணவருக்கோ மனைவிக்கோ இருப்பதாக வைத்தியர் கூறியவுடன் வீட்டில் பேச்சு அடங்கிவிடுகின்றது. பரிசோதனைத் தாள் அலுமாரிக்குள் ஒளிக்கப்படுகின்றது. அந்த மௌனத்தின் விலையை நோய் இல்லாத மற்றவரே செலுத்த நேரிடுகின்றது. அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றச்சாட்டுக்கு முன் ஒரு விளக்கம்

செய்தியறிந்ததும் எழும் முதற் கேள்வி, "இது எங்கிருந்து வந்தது?" என்பதாகவே இருக்கும். அதற்கான விடை எப்போதும் துரோகம் அன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபற்றைற்றிஸ் பி வைரசு, பிறக்கும்போதே தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றலாம். அவ்வாறு தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளில் 100 பேரில் ஏறத்தாழ 90 பேருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகின்றது. அதனை அறியாமலே பலர் திருமண வயதை அடைகின்றனர். ஹெர்பிஸ் வைரசும் பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலிற் தங்கியிருக்கும். ஆகவே இன்று கண்டறியப்பட்ட நோய் நேற்று வந்தது என்று கொள்ளலாகாது. பரிசோதனை முடிவுகளை வைத்தியருடன் இருவரும் பேசிய பின்னரே எந்த முடிவுக்கும் வருவது நன்று.

முதலிற் செய்யவேண்டியது

நோயின் சரியான பெயரை அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நோய்க்கும் பாதுகாப்பு முறை வேறு. அடுத்து, அறிகுறி ஏதும் இல்லாவிடினும் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கிளமிடியா தொற்றிய பெண்களிற் பெரும்பாலானோருக்கு எந்த உபாதையும் தெரிவதில்லை. கவனியாது விட்டால் அது கருக்குழாய்களைப் பழுதாக்கி மகப்பேற்றுக்கே தடையாகலாம்.

பரிசோதனைக்கும் காலமுண்டு. கிளமிடியா, கொனோரியா ஆகியவற்றை உறவுக்கு 2 வாரங்களின் பின்னரே நம்பகமாக அறியலாம். எச்.ஐ.வி.க்கான ஆய்வுகூட இரத்தப் பரிசோதனைக்கு ஏறத்தாழ 6 வாரங்களும், சிபிலிசுக்கு 12 வாரங்கள் வரையும் தேவைப்படலாம். இதனால் முதற் பரிசோதனையில் நோயில்லை என வந்தாலும், வைத்தியர் மீண்டும் வரச்சொன்னால் தவறாது செல்லவேண்டும். அதுவரை உறவைத் தவிர்ப்பதோ ஆணுறை அணிவதோ அவசியம்.

இருவருக்கும் ஒரே வேளையிற் சிகிச்சை

கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் ஆகிய மூன்றும் பக்டீரியாக்களால் வருவன. முற்றாகக் குணப்படுத்தக் கூடியன. சிபிலிசுக்கு இன்றும் பென்சிலின் ஊசியே சிறந்த மருந்து. ஆனால் ஒருவர் மட்டும் மருந்தெடுத்து மற்றவர் எடுக்காவிடின் நோய் பந்துபோல இருவருக்குமிடையே மாறிமாறிச் செல்லும். எனவே இருவரும் ஒரே வேளையிற் சிகிச்சை பெறவேண்டும். கிளமிடியாவாயின், ஒரே தடவையில் முடியும் மருந்தை எடுத்த பின் 7 நாட்களுக்கும், பல நாள் மருந்தாயின் அது முடியும் வரைக்கும் உறவு கூடாது. துணைவரின் குளிசைகளைப் பங்கிட்டு உட்கொள்வது இருவரையும் குணமாக்காது.

தடுப்பூசி உள்ள நோய்

ஹெபற்றைற்றிஸ் பி நோய்க்குச் சிறந்த தடுப்பூசி 1980களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. துணைவருக்கு இந்நோய் இருப்பின், உங்கள் இரத்தத்தைப் பரிசோதித்து, எதிர்ப்பாற்றல் இல்லையெனில் தாமதியாது ஊசியைத் தொடங்குங்கள். வழமையாக முதல் ஊசியும், 1 மாதத்தில் இரண்டாவதும், 6 மாதத்தில் மூன்றாவதும் போடப்படும். இறுதி ஊசிக்கு ஓரிரு மாதங்களின் பின் எதிர்ப்பாற்றல் உண்டாகிவிட்டதா என இரத்தத்தைச் சோதித்தறியலாம். அதுவரை ஆணுறை வேண்டும். சவரக்கத்தியையும் பற்தூரிகையையும் பொதுவில் வைத்திருக்கலாகாது. ஒரே கோப்பையில் உண்பதாலோ அணைத்துக்கொள்வதாலோ இந்நோய் தொற்றாது. தாய்க்கு இந்நோய் இருப்பின் குழந்தைக்குப் பிறந்த 24 மணித்தியாலத்துள் முதல் ஊசி போடப்படவேண்டும்.

எச்.ஐ.வி.: மாறிவிட்ட நிலை

எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டதும் மரணத்தை எண்ணிய காலம் மாறிவிட்டது. ஒழுங்காக மருந்தெடுப்பவரின் இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவினால் அவரிடமிருந்து அது தொற்றுவதில்லை. சுவிற்சர்லாந்தின் எயிட்ஸ் ஆணையம் 2008 சனவரியில் இதனை முதன்முதலில் வெளிப்படையாக அறிவித்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் அதனை மெய்ப்பித்தன. 9 நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று, முன்கூட்டியே தொடங்கும் சிகிச்சை தொற்றை 96 விழுக்காடு குறைப்பதாக 2011இல் காட்டியது. ஐரோப்பாவில் 888 இணையரைத் தொடர்ந்து அவதானித்து 2016இல் வெளியான ஆய்வில், ஆணுறையின்றி நிகழ்ந்த ஏறத்தாழ 58,000 உறவுகளிற் சிகிச்சை பெறும் துணைவரிடமிருந்து ஒரு தொற்றேனும் ஏற்படவில்லை.

ஆயினும் வைரசு அடங்கிவிட்டதைப் பரிசோதனை உறுதிசெய்ய வேண்டும், மருந்தை இடைநிறுத்தலாகாது. அந்நிலை எய்தும்வரை ஆணுறையுடன், நோயற்றவர் முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்புக் குளிசைகளும் உள்ளன. எதிர்பாராத விதமாக ஆபத்து நேர்ந்துவிட்டால், 72 மணித்தியாலத்துள், இயன்றளவு விரைவாக, வைத்தியசாலையின் அவசர பிரிவுக்குச் செல்லுங்கள். 28 நாட்கள் உட்கொள்ளும் மருந்து தொற்றைத் தடுக்கக்கூடும்.

ஹெர்பிசும் ஆணுறையும்

ஹெர்பிசை முற்றாக அகற்றும் மருந்து இல்லை. ஆனால் நோயுள்ளவர் நாள்தோறும் வலசைக்ளோவிர் குளிசை எடுத்தால் துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கொப்புளமோ எரிவோ தோன்றும் நாட்களில் உறவை முற்றாகத் தவிர்க்கவேண்டும்.

ஆணுறை பெரும் பாதுகாப்பு. ஆயினும் அது மூடாத இடத்திலுள்ள புண்ணிலிருந்து ஹெர்பிசும் சிபிலிசும் தொற்றலாம். தேங்காய் எண்ணெய், வசலின் போன்றவை இறப்பர் உறையைக் கிழித்துவிடும். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கிகளையே பயன்படுத்தவேண்டும்.

மறுப்பதற்கு உரிமையுண்டு

"கணவர் கேட்கும்போது எப்படி மறுப்பது?" என்று அஞ்சும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். திருமணம் என்பது நோயை ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கை அன்று. மனைவியின் விருப்பமின்றிக் கொள்ளும் உறவு கனடாவில் 1983 முதலும், இங்கிலாந்தில் 1991 முதலும், யேர்மனியில் 1997 முதலும் வன்புணர்ச்சிக் குற்றமாகக் கொள்ளப்படுகின்றது. மறுத்தால் அடியோ அச்சுறுத்தலோ வருமெனில் அதனைத் தாதியிடமோ வைத்தியரிடமோ தனியே கூறுங்கள்.

மொழியும் இரகசியமும்

நம்மிற் பலர் வைத்தியரிடம் செல்லும்போது மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றோம். இவ்விடயத்தில் அது பிள்ளைக்கும் தீங்கு, நமக்கும் தடை. மொழிபெயர்ப்பாளர் தேவையென முன்கூட்டியே கேளுங்கள்; தொலைபேசி வழியாக, ஊரும் பெயரும் அறியாத ஒருவரைக் கேட்பதும் தகும். வைத்தியரும் தாதியும் நோயாளியின் இரகசியம் காக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர்கள்.

பிரான்சில் இலவசப் பரிசோதனை நிலையங்களிற் பெயர் கூறாமலே சோதித்துக்கொள்ளலாம். யேர்மனியின் பொதுச் சுகாதார அலுவலகங்களிலும் அதற்கு வழியுண்டு. இங்கிலாந்தில் 2012 ஒக்ரோபர் முதல், வதிவிட உரிமை இல்லாதவருக்கும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகின்றது. ஆகவே விசா இல்லை என்பதற்காக எவரும் நோயோடு ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

போரையும் எல்லைகளையும் கடந்து உயிரைக் காத்து வந்தவர்கள் நாம். அந்த உயிரை வெட்கத்தின் பொருட்டு இழப்பது தகாது. அலுமாரிக்குள் இருக்கும் அந்தத் தாளை இன்றே வெளியே எடுங்கள்; இருவரும் அமர்ந்து படியுங்கள்; அடுத்த சந்திப்புக்கு இருவருமாகச் செல்லுங்கள்.