வரப்பு விட்டு வெட்டும் ரூட்டர்

சுழன்று வெட்டும், உருண்டை முனை கொண்ட ரூட்டர் பிட் ஒன்றை மரப்பலகையின் மேல் நேர்கோட்டில் ஓட்டினால் ஒரு வாய்க்கால் விழும். சற்றுத் தள்ளி, அதற்கு இணையாக இன்னொரு முறை ஓட்டினால் இரண்டு வாய்க்கால்களுக்கும் நடுவே மெல்லிய வரப்பு ஒன்று நிற்கும். எண்களைப் படித்து இயங்கும் வெட்டுப்பொறிகள் பிறந்ததே இந்த வரப்பை ஒழிக்கத்தான். இன்று பெயர்ப்பலகை செதுக்குகிறவர்கள் அதே பொறியை வைத்து அதே வரப்பை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்.

1940களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டியில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் தயாரித்து வந்தார். இறக்கையின் வளைவைச் சரிபார்க்கும் அளவுத்தகடுகளைப் பிசகில்லாமல் வெட்ட வேண்டியிருந்தது. வளைவின் மீது நெருக்க நெருக்கமாகப் புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்தந்த இடத்தில் வெட்டி, இடையில் மிஞ்சும் பற்களை அரத்தால் ராவி எடுத்தார்கள். புள்ளிகள் கூடக்கூடப் பற்கள் சிறுத்தன; ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் இயந்திரத்தைக் கையால் நகர்த்தும் பாடு பெருகியது. இயந்திரமே எண்ணைப் படித்துத் தானாக நகர்ந்தால் என்ன என்ற கேள்வி அங்கே பிறந்தது. அமெரிக்க விமானப்படை பணம் தர, எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வகம் உழைக்க, துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் நகரும் மில்லிங் இயந்திரம் 1952இல் இயங்கிக் காட்டியது. நம் ஊர்ப் பட்டறைகளில் நிலைக்கதவும் பூஜை அறைக் கதவும் செதுக்கும் சி.என்.சி. ரூட்டர் அந்த வம்சத்தில் வந்தது.

வரப்பின் உயரத்தைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். தடத்துக்கும் தடத்துக்கும் உள்ள இடைவெளியை அதே எண்ணால் பெருக்கி, பிட்டின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். 6 மி.மீ. விட்டமுள்ள பிட்டை 0.6 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் வரப்பு 0.015 மி.மீ.தான், உப்புத்தாள் லேசாகப் பட்டாலே போய்விடும். இடைவெளியை 3 மி.மீ. ஆக்கினால் சுமார் 0.4 மி.மீ. உயரத்துக்கு எழும்பி நிற்கும். இடைவெளி ஐந்து மடங்கு கூடியதற்கு உயரம் இருபத்தைந்து மடங்குக்கு மேல் எகிறுகிறது. நேரமோ எதிர்த்திசையில் போகிறது. 600 மி.மீ. நீளமும் 300 மி.மீ. அகலமும் கொண்ட பலகையில் 0.6 மி.மீ. இடைவெளி என்றால் 500 தடங்கள், மொத்தம் 300 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் 100 நிமிடம் ஆகும். 3 மி.மீ. இடைவெளியில் அதே பலகை 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

சரி, வரப்பு எதற்கு வேண்டும்? வெளிச்சத்துக்காக. வழவழப்பான பலகையில் வழவழப்பான எழுத்தை எழுப்பினால் இரண்டும் ஒரே மாதிரி ஒளியைத் திருப்புகின்றன. நிறம் ஒன்றுதான் அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பின்னணியில் வரப்புகள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் காலடியில் சிறு நிழலை வைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து அந்த நிழல்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது; எல்லாம் கலந்து பின்னணி ஒரு படி கருமையாகத் தெரியும். ஒரே டப்பா பெயின்டைப் பலகை முழுக்க அடித்தாலும் எழுத்து துலங்கும்.

அந்த நிழலை மேடென்றும் பள்ளமென்றும் படிப்பது மூளையின் வேலை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். மேல்பாதி வெளுத்துக் கீழ்பாதி கறுத்த வட்டம் தாளில் குமிழாகத் தெரிகிறது. அதையே தலைகீழாக்கினால் குழியாகிவிடுகிறது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது, அதுவும் ஒரே ஒரு விளக்கிலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்வதுதான் காரணம். பெயர்ப்பலகைக்கு இது நேராகப் பொருந்தும். விளக்கு பலகைக்கு மேலே இருந்து, வரப்புகளும் மேலிருந்து கீழாக ஓடினால், ஒளி வாய்க்கால் வழியே ஓடி இறங்கிவிடும். நிழல் விழாது, அத்தனை செதுக்கலும் வீண். அதே வரப்புகளைக் கிடையாக ஓட்டினால் ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் இருளும். காலையும் மாலையும் பக்கவாட்டில் வெயில் வாங்கும் சுவருக்கோ செங்குத்துத் தடங்கள்தான் பொருத்தம். பலகை எங்கே மாட்டப்போகிறது என்று கேட்காமல் தடத்தின் திசையைத் தீர்மானிப்பது பெரிய தவறு என்பேன்.

ரூட்டர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் இந்த வேலையை மணல் செய்தது. ரெட்வுட் அல்லது சீடார் பலகையில் ரப்பர் தாளை ஒட்டி, எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் தாளை உரித்து, காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சுவார்கள். ரப்பரில் பட்ட மணல் துள்ளித் திரும்பும். மரத்தில் பட்டது அரிக்கும். எல்லா இடத்தையும் ஒரே அளவில் அரிப்பதில்லை. வசந்தத்தில் வேகமாக வளர்ந்த மரப்பகுதியில் செல் சுவர்கள் மெல்லியவை, சீக்கிரம் உதிரும். பருவத்தின் கடைசியில் வளர்ந்த பகுதி அடர்த்தியானது, தாக்குப்பிடிக்கும். ஆக, அந்த மரம் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரப்பு. மழை குறைந்த ஆண்டில் நெருங்கியும் செழித்த ஆண்டில் விலகியும் ஓடும் அந்தக் கோடுகளின் அழகு எனக்கு என்றும் அலுக்காது.

பின்னர் மழைக்கு உப்பாத, உளுக்காத உயர் அடர்த்தி யூரித்தேன் பலகைகள் வந்தன. அவற்றுக்கு வயதும் இல்லை, வளையமும் இல்லை. மரம் தானாகத் தந்த ஒழுங்கின்மையை ரூட்டர்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. ஆனால் ரூட்டர் சொன்னதைச் சொன்னபடி செய்யும். சம இடைவெளியில் சம ஆழத்தில் ஓடிய தடங்களைக் கண் உடனே இயந்திர வேலை என்று கண்டுகொள்ளும். ஆழத்தைக் கண்டபடி மாற்றினாலும் பலனில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்களை வரிசையாகக் கொடுத்தால் கிடைப்பது வெறும் சொரசொரப்புதான்.

இதற்கு விடை சினிமாவிலிருந்து வந்தது. 1982இல் வெளியான ‘டிரான்’ படத்தின் கணினிக் காட்சிகளில் பணியாற்றிய கென் பெர்லின், அவற்றின் மழுங்கலற்ற இயந்திரத் தோற்றம் பிடிக்காமல் ஒரு கணித முறையைக் கண்டார். 1985இல் அதை வெளியிட்டார். 1997இல் அதற்காக ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது பெற்றார். வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் மூலைகளில் மட்டும் சரிவுகளைத் தற்செயலாக அமைத்து, இடைப்பட்ட இடங்களை வழுக்கலாக இணைப்பது அவர் முறை. பக்கத்துப் புள்ளிகள் உறவோடு இருக்கும், தூரத்துப் புள்ளிகளுக்குத் தொடர்பு இருக்காது. மேகமும் கல்லும் மரமும் அப்படித்தானே இருக்கின்றன! இதைச் சாம்பல் நிறப் படமாக்கி, வெள்ளையை மேடாகவும் கறுப்பைப் பள்ளமாகவும் ரூட்டருக்குப் படிக்கக் கொடுக்கலாம். சாதாரணப் படத்தில் 256 சாயல்கள், 10 மி.மீ. ஆழத்துக்கு அவற்றைப் பங்கிட்டால் படிக்குப் படி 0.04 மி.மீ.

தமிழ்ப் பலகைக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது. எழுத்தை மேடாக நிறுத்தினால், மூன்று சுழி ‘ண’வின் சுழிகளுக்கு உள்ளே இருப்பதும் பின்னணிதான். சுழியின் உள்வட்டம் 5 மி.மீ. என்றால் 6 மி.மீ. பிட் அதற்குள் நுழையவே முடியாது. சுழி அடைபட்ட எழுத்துத்தான் வரும். 10 மி.மீ. என்றால் பிட்டின் மையம் உள்ளே அசைய 4 மி.மீ.தான் இடம், 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு தடம், ஒரே ஒரு வரப்பு. நுனி 1 மி.மீ. உருண்டையாக உள்ள கூம்பு பிட்டை மாட்டிச் சுழிகளை மட்டும் தனியே வெட்டலாம். ஆனால் அதில் 0.4 மி.மீ. உயர வரப்பு வேண்டுமானால் தடங்களை ஏறக்குறைய 1 மி.மீ.க்கு நெருக்க வேண்டும். சுழிக்கு உள்ளே ஒரு நெசவும் வெளியே வேறு நெசவுமாகத் தெரியும். ஆகவே எழுத்தை முதலில் வரைந்து, அதன் மிகச் சிறிய சுழியை அளந்து, அதற்குப் பிறகு பிட்டைத் தேர்ந்தெடுப்பதே சரி. 6 மி.மீ. பிட்டும் 3 மி.மீ. இடைவெளியும்தான் வேண்டுமென்றால், சுழிக்குள் மூன்று வரப்பாவது தெரிய உள்வட்டம் 15 மி.மீ. இருக்க வேண்டும்.