குழந்தையை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி பேட்சுக்கு அனுப்பலாமா?

வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் என்று விளையாட்டாகத்தான் குழந்தையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்திருப்பீர்கள். ஒருநாள் வகுப்பு முடிந்து ஷூவை மாட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் பக்கத்தில் வருவார். "பாப்பாவுக்கு உடம்பு நல்லா வளையுதும்மா. காம்பெடிஷன் பேட்ச்ல போட்டுடலாம். வாரம் நாலு நாள் வரணும்." பெருமையாக இருக்கும். கூடவே வயிற்றையும் கொஞ்சம் கலக்கும். என்ன பதில் சொல்வது?

அந்த பேட்சில் என்ன மாறும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதுவரை குட்டிக்கரணம், கார்ட்வீல் (கையூன்றிப் பக்கவாட்டில் சுழல்வது), டிராம்போலின் என்று பொழுது போயிருக்கும். இனி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தசைக்கு வலுவேற்றும் பயிற்சி தினமும் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு வால்ட், ஏற்றத்தாழ்வான இரட்டைக் கம்பி, பீம், தரைப் பயிற்சி என்று நான்கு பிரிவுகள். ஆண் பிள்ளைகளுக்கு ஆறு. பெரியவர்களுக்கான பீமின் அகலம் 10 செ.மீ., உயரம் 1.25 மீட்டர். சின்னப் பிள்ளைகள் தரையில் போட்ட கோட்டிலும் தாழ்வான பீமிலும் தொடங்கித்தான் அந்த உயரத்துக்குப் போவார்கள்.

சரி, எந்த வயதில் அனுப்பலாம்? எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் ஒரு வயது கிடையாது. நான்கைந்து வயதில் ஓடுவது, தொங்குவது, உருள்வது, குதிப்பது போதும். இந்த விளையாட்டில் சீக்கிரம் தொடங்குவது உதவும் என்பது உண்மைதான். உயரத்துக்குப் போன பெண்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்கு முன்பே முறையான பயிற்சிக்கு வந்தவர்கள். திரிபுராவின் தீபா கர்மாகரும் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸும் ஜிம்னாஸ்டிக்ஸில் காலடி வைத்தது ஆறு வயதில்.

இப்போது சேர்க்காவிட்டால் வாய்ப்பு கைநழுவிப் போகுமா? போகாது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி முழுப் புள்ளியான 10ஐ வாங்கியபோது அவருக்கு வயது 14. இன்று அந்த வயதில் ஒலிம்பிக் மேடை ஏற முடியாது. பெண்கள் ஒலிம்பிக் நடக்கும் ஆண்டில் 16 வயதையும், ஆண்கள் 18 வயதையும் எட்ட வேண்டும் என்பது விதி. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வால்ட் தாண்டினார். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

உடம்பு வளைகிறதே, அது போதாதா? போதாது. சின்னக் குழந்தைகள் பலருக்கும் உடம்பு வளையும். அந்த வளைவைத் தாங்கிப் பிடிக்கும் வலுவும் வேண்டும். கம்பியில் தொங்கி முழங்காலை மார்பு வரை இழுக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்கிறாளா, தரையில் கையூன்றி உடம்பைப் பலகைபோல் நேராக வைத்திருக்கிறாளா என்று பாருங்கள். மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் குழந்தைக்கு வலு இல்லாமல் மேலும் மேலும் வளைவுப் பயிற்சி கொடுத்தால் மூட்டுக்குத்தான் கேடு.

நீங்களே கவனிக்கக்கூடிய ஒன்று, குழந்தை தரையிறங்கும் விதம். தாழ்வான பெட்டியிலிருந்து மெத்தை விரிப்பில் குதிக்கும்போது பாருங்கள். ஒரு குழந்தை காலை விறைத்துக்கொண்டு 'தொம்'மென்று விழும். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கி ஒன்றோடொன்று இடிக்கும். அப்படியே முன்னால் இரண்டடி ஓடிப் போய்த்தான் நிற்கும். இன்னொரு குழந்தை முழங்காலை மடக்கி, கையை முன்னால் நீட்டி, சத்தமே இல்லாமல் இறங்கி, ஒரு நொடி அசையாமல் நிற்கும். இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் காலில் ஏறுகிறது. அதனால் முதல் குழந்தைக்கு இப்போது தேவை கூடுதல் நாட்கள் இல்லை; இறங்கக் கற்றுக்கொடுக்கும் நிதானமான வகுப்பு.

உடல்வாகைப் பார்த்தே "இவளுக்கு வராது" என்று சொல்லிவிடலாமா? கூடாது. தீபா கர்மாகருக்குத் தட்டைப் பாதம் (உள்ளங்காலில் வளைவு இல்லாத பாதம்). ஓடித் தாண்டி இறங்கும் விளையாட்டுக்கு அது பெரிய குறை. பயிற்சியாலேயே அதை ஈடுகட்டி, 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிப் போட்டியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் கைவிட்டுப் போனது 0.15 புள்ளியில்.

மனதளவில் தயாரா என்று எப்படித் தெரியும்? தன் முறை வரும்வரை வரிசையில் நிற்க முடிகிறதா? "இன்னும் ஒரு தடவை" என்றால் முகம் சுளிக்காமல் செய்கிறாளா? விழுந்தால் அழுதுவிட்டாவது மறுபடி போகிறாளா? இவை ஓரளவு பழக்கத்தில் வந்துவிடும். நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது வேறொன்று: "சார், கை வலிக்குது", "எனக்கு இது பயமா இருக்கு" என்று குழந்தை வாய்திறந்து மாஸ்டரிடம் சொல்கிறாளா? சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்ளும் சமர்த்துக் குழந்தைக்குத்தான் தீவிரப் பயிற்சியில் ஆபத்து அதிகம். அந்த வார்த்தை வரும்வரை பொறுங்கள்.

சொன்னால் திட்டு விழும் என்று குழந்தை பயப்படலாம். பைல்ஸின் கதையைச் சொல்லுங்கள். டோக்கியோவில், காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே தப்பிப்போனதும், அவர் பல போட்டிகளிலிருந்து விலகினார். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

ஆசை குழந்தையுடையதா, உங்களுடையதா? கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் வகுப்புக்கு அனுப்பாமல், அந்தப் பேச்சையும் எடுக்காமல் இருங்கள். சோபாவிலிருந்து குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு "எப்பம்மா கிளாஸ்?" என்று அவளே கேட்டால் சரி. கேட்கவில்லை என்றால் பழைய வகுப்பே தொடரட்டும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகலாம்? விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: குழந்தையின் வயது எத்தனையோ, வாரப் பயிற்சி அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஏழு வயது என்றால் ஏழு மணி நேரம். நீச்சல், பரதநாட்டிய வகுப்பு இருந்தால் அதையும் சேர்த்து எண்ணுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், முழு ஓய்வு வேண்டும். வருடத்தில் மொத்தம் இரண்டு மூன்று மாதம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். அதை ஒரு ஒரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

தூக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பள்ளி வேனுக்காகக் காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால், ஒன்பது மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும். வகுப்பு எட்டு மணிக்கு முடிந்து, போக்குவரத்தில் நீந்தி வீடு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடிக்க முடியுமா? முடியாது என்றால், குழந்தை தயாராக இருந்தாலும் அந்த நேர அட்டவணை தயாராக இல்லை.

எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்? புதுப் பயிற்சிக்குப் பின் தசை வலிப்பது சகஜம். இரண்டு மூன்று நாளில் போய்விடும். குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடத்திலுள்ள மென்மையான குருத்தெலும்பு) இருக்கிறது. கையூன்றிக் கையூன்றி மணிக்கட்டிலும், குதித்துக் குதித்துக் குதிகாலிலும் முழங்காலிலும் அது நோகும். முதுகைப் பின்னால் திரும்பத் திரும்ப வளைப்பதால் முதுகெலும்பில் மெல்லிய விரிசல்கூட வரலாம். ஒற்றை விரலால் எலும்பைத் தொட்டு "இங்கதான்" என்று காட்டினால், வீங்கினால், நொண்டினால், ராத்திரியில் வலித்தால், அதே இடம் மறுபடி மறுபடி வலித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து மறுநாள் அனுப்பாதீர்கள்.

உயரம் நின்றுபோகுமா? பாட்டிகள் கட்டாயம் கேட்கும் கேள்வி. குள்ளமான உடம்பு காற்றில் சுழல வசதி. அதனால் அப்படிப்பட்டவர்களே இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள். பயிற்சியால் உயரம் குறைந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சாப்பாட்டைக் குறைப்பதுதான் வளர்ச்சிக்கும் எலும்புக்கும் கேடு. ஆகவே பயிற்சி கூடும்போது தட்டில் சோறு, பருப்பு, முட்டை, பால் எல்லாமே கூட வேண்டும். "எடையைக் குறை" என்று சின்னக் குழந்தையிடம் சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.

இடம் நல்ல இடமா என்று எப்படி முடிவு செய்வது? ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். மெத்தை விரிப்புகள் கிழியாமல், இடைவெளி இல்லாமல் போடப்பட்டிருக்கின்றனவா? ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள்? கால் விரிக்கும்போது அழ அழ மேலே அழுத்துகிறார்களா? கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ கேட்டால் விடுகிறார்களா? பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி 2022இல் வெளியான வைட் அறிக்கை, இவற்றில் கடைசி இரண்டு கொடுமைகளும் அங்கே நடந்ததாகவே பதிவு செய்திருக்கிறது.

பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்றால், வேறு இடம் தேடுங்கள். அமெரிக்க அணியின் மருத்துவர் லாரி நாசர் மீது, சிகிச்சை என்ற பெயரில் அத்துமீறியதாக நூற்றுக்கணக்கான பெண்கள் புகார் சொன்னார்கள். 2018இல் அவருக்கு 40 முதல் 175 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. இந்த விளையாட்டில் மாஸ்டர் குழந்தையைத் தொட்டுத் தாங்கிப் பிடித்தே ஆக வேண்டும். எங்கே, எதற்காகத் தொடுவார் என்பதை உங்களுக்கும் குழந்தைக்கும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால்? உடனே வருடக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். வாரம் மூன்று நாள், மூன்று மாதம் என்று பேசிச் சேருங்கள். மாதக் கட்டணத்துக்கு மேல் உடை, போட்டி நுழைவு, வெளியூர்ப் பயணம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துத் தூக்கம், பசி, படிப்பு, சிரிப்பு நான்கையும் பாருங்கள். நான்கும் பழையபடி இருந்தால் தொடரலாம்.

ஏதாவது ஒன்று இடித்தாலும், "இன்னும் ஒரு வருஷம் போகட்டும் மாஸ்டர், அதுவரை இந்த வகுப்பிலேயே இருக்கட்டும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அக்கறையுள்ள பயிற்சியாளர் காத்திருப்பார். காத்திருக்க மறுப்பவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.