வலைக்கண்ணை விழுங்கும் ஆப்

பழவேற்காடு போய்ட்டு வந்த எல்லார் போனிலும் கிட்டத்தட்ட ஒரே படங்கள்தான் இருக்கும். காலை வெயிலில் பளபளக்கும் ஏரி, கரையில் இழுத்துப் போட்ட படகு, பக்கத்தில் குவிச்சு வைத்த வலை, டச்சுக் கல்லறையில் எலும்புக்கூடு செதுக்கிய கல், ரொம்பத் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு (அது பூநாரைக் கூட்டம்னு நாம சொன்னாதான் தெரியும்). ஹாஸ்டல் வந்து சேர்ந்ததும் அதில் ஒன்றை எடுத்து பெயிண்டிங் ஆப்பில் போடுவோம். சில செகண்டில் வான் கோ உட்கார்ந்து வரைந்த மாதிரி ஒரு பழவேற்காடு ரெடி. ஸ்டேட்டஸில் வைத்தால் ஹார்ட் குவியும்.

அந்தச் சில செகண்டில் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, எந்தப் படத்தை அதில் போடலாம், எதைப் போட்டால் வீணாகும்னு நீங்களே சொல்லிவிடலாம்.

2015-ல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் லியோன் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெட்கே என்ற மூன்று பேர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பூனை, நாய், கார் என்று பொருட்களை அடையாளம் காண ஏற்கெனவே பயிற்சி கொடுத்து வைத்திருந்த விஜிஜி என்ற நியூரல் நெட்வொர்க்கை வேறு வேலைக்குத் திருப்பினார்கள். அந்த நெட்வொர்க்கின் முதல் அடுக்குகள் கோடு, நிறம், சொரசொரப்பு இவற்றைப் பார்க்கும். உள்ளே போகப் போக 'இது படகு, இது வீடு' என்கிற அளவுக்கு உருவம் பிடிபடும். உங்க படத்திலிருந்து ஆழமான அடுக்கு சொல்வதை எடுத்துக்கொள். ஓவியத்திலிருந்து மேற்பரப்பின் தன்மையை எடுத்துக்கொள். இரண்டுக்கும் ஒத்துப்போகிற புதுப் படம் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி உண்டாக்கு. ஐடியா இவ்வளவுதான்.

'ஸ்டைல்' என்பதை எப்படி நம்பராக்கினார்கள்? நம்ம மேத்ஸ் பேப்பரில் வந்து பயமுறுத்திய மேட்ரிக்ஸ்தான். எந்தக் குணமும் எந்தக் குணமும் சேர்ந்தே வருகின்றன, அதாவது கருநீலம் வரும்போதெல்லாம் வளைகோடும் வருகிறதா என்று கணக்கெடுத்து ஒரு கிராம் மேட்ரிக்ஸில் போட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இடம் பற்றிய தகவல் போய்விடுகிறது. ஏலத்துக்கு வந்த மீன் கூடையை நினைச்சுக்கோங்க. எந்த மீனோடு எந்த மீன் கலந்திருக்குன்னு பார்த்ததும் சொல்லலாம். ஏரியில் எந்த இடத்தில் எது கிடைத்தது என்று கூடையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த முறை மெதுவானது. ஒரு படத்துக்கே ஜிபியு நிறைய நேரம் ஓடணும். 2016-ல் ஸ்டான்ஃபோர்டின் ஜஸ்டின் ஜான்சன் குழு, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் தனி நெட்வொர்க்கை முன்கூட்டியே பழக்கிவிட்டால் ஒரே ஓட்டத்தில் படம் வந்துவிடும் என்று காட்டியது. அதே வருஷம் ஜூனில் பிரிஸ்மா வந்தது. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

இப்போ நம்ம படத்துக்கு வருவோம். ஆப் பார்வையில் உருவம் மட்டும்தான் உங்களுடையது. மேற்பரப்பு முழுக்க 'ஸ்டைல்', அதாவது கழற்றிவிட்டு வேறு மாட்டக்கூடிய சட்டை. ஒரு மாடி வீட்டுக்கோ பைக்குக்கோ இது ஓகே. பழவேற்காட்டில்தான் சிக்கல். அங்கே விஷயமே மேற்பரப்பில்தான் இருக்கு.

எங்க ஹாஸ்டலில் அந்தப் பக்கத்துக் குப்பத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். இப்படி மாற்றிய வலைப் படத்தைக் காட்டினால், "சூப்பரா இருக்குடா, ஆனா இது என்னா வலை?" என்றான். ஒரிஜினலைப் பார்த்ததும், கேட்காமலே சொன்னான்: "எறா வலை. கண்ணு பாரு, எவ்ளோ சின்னது. நண்டு வலைன்னா பெருசா இருக்கும்." பெயிண்டிங்கில் அந்தக் கண்களெல்லாம் சுழலும் தூரிகைக் கோடாகியிருந்தன. நெட்வொர்க்குக்கு அது வெறும் சொரசொரப்பு. அவனுக்கு அது ஒரு வீட்டின் தொழில்.

பனை ஓலைக் கூடையின் பின்னலுக்கும் இதே கதிதான். தண்ணீரில் வலை கட்டுவதற்காக நட்ட கம்பு வரிசை தூரிகைக் கோட்டைவிட மெல்லிசு, அதனால் அலைக்குள் கரைந்துவிடும். அங்கே ஏரியில் இஷ்டப்பட்ட இடத்தில் வலை கட்ட முடியாது. 'பாடு' என்று முறை வைத்து இடம் பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கம்புகள் அழகுக்கு நட்டவை இல்லை. பூநாரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நாலைந்து பிக்சல் பறவை ஒரே தீற்றலில் காலி. கல்லறைக் கல்லின் டச்சு எழுத்து எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல் ஆகிவிடும்.

படத்தின் மேல் வர்ணம் பூசுவது நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே இந்திய ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளை போட்டோ மேல் கையால் வர்ணம் தீட்டினார்கள். பின்னணியில் தூண், திரைச்சீலை என்று இஷ்டத்துக்கு அளப்பார்கள். ஆனால் முகத்தை விட்டுவிடுவார்கள், நகையை நிதானமாக வரைவார்கள். எது முக்கியம்னு வரைகிறவருக்குத் தெரியும். ஆப்புக்கு மூக்குத்தியும் மணலும் ஒன்று.

அதனால் அந்த வேலையை நீங்க செய்யணும். ஆப்பில் எஃபெக்ட்டின் அளவைக் குறைக்கும் ஸ்லைடர் இருந்தால் பாதிக்கும் கீழே வைத்துப் பாருங்க. அதைவிட நல்ல வழி லேயர். ஐபிஸ் பெயின்ட் மாதிரி எதிலாவது ஒரிஜினல் கீழே, பெயிண்டிங் மேலே வைத்து, வலை, முகம், கை இருக்கும் இடத்தில் மட்டும் மேல் லேயரை அழித்துவிடுங்க. ஓரத்தில் மெதுவான பிரஷ் போட்டால் ஒட்டு தெரியாது. வானமும் தண்ணீரும் எவ்வளவு வேணும்னாலும் வான் கோ ஆகட்டும். ஆழமில்லாத ஏரி, காலை வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்கு இந்த ஆப்கள் உண்மையிலேயே அருமை.

2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் எல்லோரும் ஜிப்ளி படம் போட்டோமே, அது வேற ரகம். அது உங்க படத்தின் மேல் சட்டை மாட்டுவதில்லை, பார்த்துவிட்டுப் புதுசாகவே வரைகிறது. அதனால் வலைக்கண் நேர்த்தியாக இருக்கும், ஆனால் அது உங்க வலை இல்லை. படகும் எந்த ஊர்ப் படகாகவும் மாறலாம். பார்க்க அழகாக இருப்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். எனக்கு இதைவிடப் பழைய பிரிஸ்மா பரவாயில்லை. அது அழித்தது கண்ணுக்காவது தெரியும்.

கடைசியாக ஒரு டெஸ்ட். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஆப்பை ஓட்டிப் பாருங்க. ஓடினால் வேலை உங்க போனுக்குள்ளேயே நடக்குது. ஓடவில்லை என்றால் பெரும்பாலும் படம் ஏதோ ஒரு சர்வருக்குப் போகுது. உங்க செல்ஃபி உங்க இஷ்டம். கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் அதில் இருந்தால், அனுப்பலாமா என்று அவங்களைக் கேட்டுவிட்டு அப்லோட் பண்ணுங்க.