ஒரே திரையில் இருவர்

பக்கவாட்டில் நகரும் திரையில் ஓடிக்கொண்டே சுடும் வீடியோ கேம்களுக்கு இலக்கணம் வகுத்தது கான்ட்ரா. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987இல் ஆர்கேட் இயந்திரங்களுக்காக இதை வெளியிட்டது. மறு ஆண்டே நின்டெண்டோவின் வீட்டுக் கருவிக்கான பதிப்பும் வந்துவிட்டது. வீரன் இடமிருந்து வலமாக ஓடுகிறான். அவன் முன்னேற முன்னேறக் காடு, அருவி, பனிவெளி, தொழிற்கூடம் என்று புதுப்புது இடங்கள் திறக்கின்றன. ஒரு குண்டு பட்டாலே ஒரு லைஃப் போய்விடும். கையில் இருப்பதோ மூன்றே லைஃப். ஓடிச் சுடும் ஆட்டங்கள் இதற்கு முன்பும் இருந்தன. கொனாமியே 1985இல் கிரீன் பெரே என்ற ஆட்டத்தைத் தந்திருந்தது. ஆனால் இரண்டு பேரை ஒரே நேரத்தில், ஒரே திரையில், ஒரே அணியாக இறக்கிவிட்டு, அந்தத் துணையையே ஆட்டத்தின் உயிராக ஆக்கியதில்தான் கான்ட்ராவின் பெருமை இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1990களில் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவி 1983இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் மின்சுற்றை அப்படியே பின்பற்றித் தைவானிலும் சீனாவிலும் தயாரான நகல் கருவிகள்தான் இந்தியாவில் பரவின. மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பெட்டியின் மேல் பெயர் மாறுமே தவிர, உள்ளே ஓடியது ஒரே வகை இயந்திரம். அசல் கருவிகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்ப்பதற்காக சேகாவின் மெகா டிரைவ் கருவியை 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றபோதும் அதன் விலை 18,000 ரூபாய். அன்றைக்குப் பல குடும்பங்களுக்கு அது சில மாதச் சம்பளம். அந்த இடைவெளியில்தான் நகல் கருவிகள் நுழைந்தன.

சென்னையில் இவற்றின் பெரிய சந்தைகள் அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெருவும், பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜாரும். அங்கிருந்து தியாகராய நகருக்கு வர அதிக நாள் பிடிக்கவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைவரை நீளும் ரங்கநாதன் தெருவின் நெரிசலில், பாத்திரத்துக்கும் துணிக்கும் நடுவே, பளபளக்கும் அட்டைப் பெட்டிகளில் டிவி கேமும் தொங்கியது. ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் ஏப்ரல் மாதம் அதற்கு உரிய பருவம்.

கருவியில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் உண்டு. அவற்றின் வயர் குட்டையானது. எனவே டிவிக்கு அருகே, தரையில்தான் உட்கார வேண்டும். பெட்டியிலிருந்து வரும் வயரை ஆன்டெனா சொருகும் இடத்தில் சொருகி, டிவியின் டியூனிங் குமிழைத் திருகிக்கொண்டே போனால், புள்ளி மழைக்குள்ளிருந்து படம் எழும். சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா டிவிகளிலும் இது வேலை செய்தது. கறுப்பு வெள்ளை டிவியாக இருந்தாலும் தடையில்லை. ஆனால் கறுப்பு வெள்ளையில் ஒரு சிக்கல் இருந்தது. கான்ட்ராவின் நாயகர்கள் பில், லான்ஸ் இருவரையும் வேறுபடுத்துவது ஒருவனின் நீல உடையும் மற்றவனின் சிவப்பு உடையும்தான். நிறம் இல்லாத திரையில் தன்னுடைய ஆள் யார் என்று கண்டுபிடிக்க, முதலில் ஒருமுறை குதித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் ஸ்டேஜ் காடு. தொடங்கிய சில நொடிகளில் ஒரு பாலம் வருகிறது. காலை வைத்ததும் அது துண்டு துண்டாக வெடிக்கத் தொடங்கும். முன்னால் ஓடுபவர் கடந்துவிடுவார், பின்னால் வருபவர் தண்ணீரில் விழுவார். ஆனால் விழுந்தால் சாவு இல்லை. கீழ் பொத்தானை அழுத்தினால் வீரன் தண்ணீருக்குள் மூழ்கிக் குண்டுகளிலிருந்து தப்பிக்கலாம். யாரும் சொல்லித்தராமல் குழந்தைகள் தாங்களாகவே இதைக் கண்டுபிடித்தார்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். வானத்தில் மிதந்து வரும் குப்பியைச் சுட்டால் ஓர் எழுத்து விழும். எம் என்றால் இயந்திரத் துப்பாக்கி, எல் என்றால் லேசர். எஸ் என்றால் ஒரே நேரத்தில் ஐந்து குண்டுகள் விசிறிபோல் விரியும். எல்லோரும் ஏங்கியது இதற்குத்தான். அது கீழே விழுந்ததும் இருவரும் ஓடுவார்கள். முந்தியவருக்குத்தான் கிடைக்கும்; அவர் செத்தால் துப்பாக்கியும் போய்விடும். அண்ணன் தம்பிச் சண்டைகளில் பாதி இந்த ஓர் எழுத்தால் வந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

இந்த ஆட்டத்தின் நுட்பம் இருவரையும் திரை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதில் இருக்கிறது. ஒருவர் சுடும் குண்டு மற்றவர் மேல் படாது. ஆனால் திரை இருவருக்கும் ஒன்றுதான். பக்கவாட்டு ஸ்டேஜ்களில் பின்தங்கியவர் இடது ஓரத்தில் நின்றால் திரை நகராது. முன்னே போனவர் காத்திருக்க வேண்டும். மூன்றாவது ஸ்டேஜான அருவியில் விதி கொடூரமாகிறது. அங்கே திரை மேல்நோக்கி நகரும். வேகமாகப் பாறைகளில் தாவி ஏறுபவர் திரையை இழுத்துக்கொண்டு போய்விடுவார். கீழே மாட்டிக்கொண்டவர் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போனதும் செத்துவிடுவார். ஆகவே அருவியில் ‘நில்லு, நில்லு, நான் வரேன்’ என்ற கூச்சல் இல்லாமல் இருவர் ஏறியதே இல்லை. லைஃப் எல்லாம் தீர்ந்தவர் கூட்டாளியின் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மீண்டும் வரலாம் என்ற விதியும் இருந்தது. தம்பிக்கு ஒரு லைஃப் கொடுப்பதா, தானே கடைசி பாஸைச் சந்திக்க வைத்துக்கொள்வதா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்திருக்கும். எதிரியைவிடப் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க வைக்கும் விதிகள் இவை. நாற்பது ஆண்டுகள் நெருங்கியும் ஆட்டம் பழசாகாததற்கு இதுவே காரணம்.

கருவியின் எளிமையும் இந்த வகை ஆட்டங்களுக்கு வடிவம் கொடுத்தது. ஃபாமிகாமின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். கான்ட்ராவின் அமெரிக்கப் பதிப்பு முழுவதும் 128 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. பின்னணியை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக அடுக்கி, முழுவதையும் மறுபடி வரையாமல், எங்கிருந்து காட்ட வேண்டும் என்ற ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் திரை வழுக்கிக்கொண்டு நகரும். புதிய பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் அமைதியாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பக்கவாட்டில் ஓடும் ஆட்டங்கள் அக்காலத்தில் குவிந்ததற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

நகரும் உருவங்களுக்கோ கடும் கட்டுப்பாடு. மொத்தம் 64 சிறு துண்டுகள், ஒரு கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் கூடாது. ஒரு வீரனை வரையவே சில துண்டுகள் வேண்டும். இருவரும் அருகருகே நின்று, எஸ் துப்பாக்கியால் சுட்டு, எதிரிகளும் அதே வரிசையில் வந்துவிட்டால் கணக்கு மீறிவிடும். அப்போது எந்தத் துண்டை விடுவது என்பதை ஒவ்வொரு நொடித்துணுக்கிலும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்தார்கள். எதுவும் நிரந்தரமாக மறையாது. எல்லாம் மினுக்மினுக்கென்று துடிக்கும். டிவியில் கோளாறு என்று பலர் நினைத்த அந்தத் துடிப்பு இப்படி வந்ததுதான்.

இந்தியத் திரைகளில் இன்னொரு வேறுபாடும் இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தது. இந்தியா பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50 முறை. பால் முறை டிவிகளில் ஃபாமிகாம் ஆட்டங்கள் ஓடும்படி தைவானின் யூஎம்சி நிறுவனம் தனி சிப்களைச் செய்தது. அவை பொருத்திய கருவிகளில் ஆட்டமும் இசையும் அசலைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. ஜப்பானியக் குழந்தை கேட்ட கான்ட்ரா இசையும் இந்த சிப் வழியாக நம்மூர்க் குழந்தை கேட்ட இசையும் ஒன்றல்ல.

ஆட்டம் அடங்கிய கேசட்டுகளின் கதை தனி. அசல் ஆட்டம் ஒரு கேசட்டுக்கு ஒன்று. நகல் கேசட்டில் பல ஆட்டங்கள்; மேலே ஒட்டிய தாளில் ‘9999 இன் 1’ என்றுகூட எழுதியிருக்கும். உள்ளே உண்மையில் இருப்பவை சில ஆட்டங்கள்தான். அதே கான்ட்ரா மூன்றாவது ஸ்டேஜிலிருந்து ஒரு வரியிலும், கையில் எஸ் துப்பாக்கியுடன் இன்னொரு வரியிலும், 30 லைஃபுடன் வேறொரு வரியிலும் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்கப் பதிப்பில் 30 லைஃப் பெற, தொடக்கத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்த வேண்டும். இந்த வரிசையை கொனாமியில் பணியாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தைச் சோதிக்கும் வசதிக்காகச் சேர்த்தார். 2020இல் அவர் மறைந்தபோது உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அஞ்சலி செலுத்தினார்கள். நகல் கேசட் தயாரித்தவர்கள் இந்த வரிசையை அழுத்தும் சிரமத்தையும் குறைத்து, 30 லைஃபைப் பட்டியலிலேயே வைத்துவிட்டார்கள். இந்த விற்பனையில் ஒரு பைசாகூட கொனாமிக்கோ நின்டெண்டோவுக்கோ போகவில்லை. அது உரிமை மீறல்தான், அதில் மறைக்க ஏதுமில்லை. ஆனால் இந்த நாட்டில் வீடியோ கேமின் சமூக வரலாறு எழுதப்பட்டால், அதன் முதல் அத்தியாயம் இந்தப் பெட்டிகளிலிருந்துதான் தொடங்கும். போலி என்று சொல்லி அவற்றை விலக்கிவிட்டால் ஒரு தலைமுறையின் அனுபவமே விடுபட்டுப்போகும்.

கேசட் ஓடாவிட்டால் அதன் வாயில் ஊதிப் போடுவது ஊரறிந்த வைத்தியம். உண்மையில் வேலை செய்தது ஊதல் அல்ல. கழற்றி மறுபடி சொருகும்போது செப்புப் பற்கள் புதிதாக உரசித் தொடுவதுதான் பலன் தந்தது. வாய் ஈரம் நாளடைவில் அவற்றை அரிக்கவே செய்யும்.

2000களில் வீட்டுக் கணினியும் இன்டர்நெட் மையங்களும் வந்தபின் டிவி கேம் பரணுக்கு ஏறியது. முப்பரிமாண ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பார்வை தேவைப்பட்டது. ஒரே திரையைப் பங்கிடுவது கடினமானது. இணைய இணைப்பு வேகமெடுத்ததும், சேர்ந்து ஆட அருகருகே உட்கார வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அப்படியும் அருகமர்ந்து ஆடும் ஆசை போகவில்லை. மினி மிலிஷியா என்ற செல்போன் ஆட்டம் கல்லூரி விடுதிகளில் காட்டுத்தீயாகப் பரவியது அதற்குச் சாட்சி. பக்கவாட்டுக் காட்சி, பறந்து சுடும் குட்டி வீரர்கள், ஒருவரின் ஹாட்ஸ்பாட்டில் அறை முழுவதும் இணைந்துகொள்ளும் வசதி. திரை மட்டும் ஆளுக்கொன்று. கூட்டணியைவிடச் சண்டை அதிகம்.

இதற்கிடையே உலகின் சிறு குழுக்கள் பழைய பாணியை வேண்டுமென்றே மீட்டெடுத்தன. தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ லைவ்ஸ் 2015இல் வெளியிட்ட ப்ரோஃபோர்ஸில் நான்கு பேர் ஒரே திரையில் ஆடலாம். கனடாவில் உருவான கப்ஹெட் (2017) 1930களின் கார்ட்டூன் படங்களைப்போல் கையால் வரையப்பட்டது. அதில் கூட்டாளி இறந்தால் அவரது ஆவி மேலே மிதந்து போகும், திரையை விட்டு மறைவதற்குள் மற்றவர் தாவித் தொட்டால் உயிர் திரும்பும். அருவியில் கைவிடுவதா காத்திருப்பதா என்று கான்ட்ரா கேட்ட கேள்விக்கு இது ஓர் அழகான மறுவடிவம். பிரேசிலின் ஜாய்மாஷர் தந்த பிளேசிங் குரோம் (2019), ஸ்வீடனின் ஹன்ட்டவுன் (2020) இரண்டும் புள்ளிக்கட்டப் படங்களையே கையாண்டன. இன்றைய கணினிக்கு 64 துண்டுக் கட்டுப்பாடு கிடையாது. எனவே பழைய தோற்றத்தை வைத்துக்கொண்டு துடிப்பையும் திணறலையும் விட்டுவிட்டார்கள். நல்ல தேர்வு. ஒரு குண்டில் சாவு என்ற கண்டிப்பைத் தளர்த்தும் வழிகளும் வந்துவிட்டன. வேஃபார்வர்டு உருவாக்கி 2024 மார்ச்சில் கொனாமி வெளியிட்ட கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா முதல் ஆட்டத்தின் மறுவாக்கம். அதன் கதைப் பகுதியை இருவரும், ஆர்கேட் பகுதியை நால்வரும் சேர்ந்து ஆடலாம்.

அண்ணன் சென்னையிலும் தங்கை சிங்கப்பூரிலும் இருக்கும் குடும்பங்களுக்கு, கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளம் 2019இல் ஒரு வழி செய்தது. ஒருவர் கணினியில் ஓடும் ஆட்டத்தின் காட்சி இணையம் வழியாக மற்றவருக்குப் போகிறது. அவர் அழுத்தும் பொத்தான்கள் இங்கே வந்து சேர்கின்றன. ஆட்டத்தைப் பொறுத்தவரை இருவரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். ஆட்டத்தை ஒருவர் வாங்கினால் போதும்.

பழைய பெட்டியையே இறக்கி ஆட நினைப்பவர்கள் ஒன்றிரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆன்டெனா வழி இணைப்பை ஏற்காத புதிய டிவிகள் உண்டு. அவற்றுக்குக் கருவியின் மஞ்சள், வெள்ளை ஏவி சாக்கெட்டுகளைப் பயன்படுத்த வேண்டும், அதுவும் இல்லாத டிவிக்கு ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் சிறு பெட்டி தேவைப்படும். எல்இடி டிவி படத்தைச் செம்மைப்படுத்தச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால் பொத்தானை அழுத்தியதற்கும் வீரன் குதிப்பதற்கும் இடையே தாமதம் தெரியும். டிவியின் கேம் மோடைப் போட்டால் அது குறையும். ஜாய்ஸ்டிக் மந்தமானால் திறந்து, பொத்தானுக்கு அடியிலுள்ள ரப்பரையும் பலகையையும் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பிற்காலப் பெட்டிகளில் எல்லா வேலையையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே கறுப்புப் பிசினைக் கொட்டி மூடியிருப்பார்கள். அது பழுதானால் சரிசெய்ய வழியில்லை.