புதுப் பாட்டு எப்போது பிடிக்கும்?

1992-ல் ‘ரோஜா’ வந்தபோது பள்ளியில் படித்த பலருக்கு இன்றும் அந்தப் படப் பாடல்கள்தான் உயிர். ஏன்? பத்து வயதிலிருந்து முப்பதுவரை பதியும் நினைவுகள் தனி அழுத்தம் கொண்டவை என்கிறார்கள் உளவியலாளர்கள். பாட்டோடு நட்பும் காதலும் சேர்ந்தே பதிந்துவிடுகின்றன.

அப்படியானால் வயது ஏறினால் காது மூடிவிடுமா? இல்லவே இல்லை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, புதுப் பாட்டு எப்படிப் பிடித்துப்போகிறது என்பதை அருமையாகக் காட்டுகிறது. 19 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் அதுவரை கேட்டிராத 60 இசைத் துணுக்குகளை ஒலிக்கவிட்டார்கள். பிடித்ததைச் சொந்தப் பணம் கொடுத்து வாங்கலாம். மூளையின் ஆழத்தில் இருக்கும் ‘நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்’ எந்தத் துணுக்குக்கு அதிகம் கிளர்ந்ததோ, அதற்கே அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். ஒலி நினைவுகள் தங்கும் செவிப்புறணியோடு அந்தப் பகுதி நெருங்கி வேலை செய்தபோது இன்பமும் கூடியது. அடுத்த சுரம் எங்கே போகும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஊகம் அழகாகப் பிசகும் இடத்தில் சிலிர்ப்பு.

முற்றிலும் பழகாத இசையில் ஊகிக்கப் பிடி கிடைப்பதில்லை. முதல் தடவை சப்பென்று இருப்பது அதனால்தான். திரும்பத் திரும்பச் சந்திப்பதே விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-லேயே காட்டியிருக்கிறார். ஒருமுறை கேட்டதோடு எந்தப் பாட்டையும் தள்ளிவிடாதீர்கள். நாலைந்து முறை கேட்டுப் பாருங்கள்.